நெல் மூட்டைக்குள் ராணித்தலைக் காசு

இரும்புக் கம்பி நெல்லுக்குள் இறங்கும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். மறுபக்கச் சாக்கில் போய் முட்டும் வரைக்கும் அந்தச் சத்தம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அன்றைக்குப் பாதி வழியிலேயே 'சளுக்' என்று நின்றுவிட்டது.

பாலத்தடிச் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், காலை வெயில் ஏறத் தொடங்கிய நேரம். பெண்கள் வரிசை ஒரு பக்கம், ஆண்கள் வரிசை மறுபக்கம். நான் இந்தப் பக்கத்தில் நின்றேன். மறுபக்கத்தில் என் வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். கரியரில் நெல் மூட்டை. மூட்டைக்கு முன்னால் கம்பியோடு ஓர் ஆமிக்காரன்.

அவன் கம்பியை உருவி அதன் முனையைப் பார்த்தான். பிறகு அதே இடத்தில் இன்னொரு தரம் குத்தினான். சளுக்.

என் வீட்டுக்காரர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த மனுசனைப் பிழையாக நினைப்பீர்கள். அவருக்குப் பெயர் அருளானந்தம். பயம் வந்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். பிறவிக் குணம். கல்யாணத்தன்று போதகருக்கு முன்னால் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றார். என்னைக் கட்டுவதில் எவ்வளவு சந்தோசம் பார் என்று நான் பூரித்துப்போனேன். விசயம் விளங்க எனக்கு ஒரு வருசம் எடுத்தது.

ஆமிக்காரனுக்கு ஒரு வருசமெல்லாம் பொறுமை இல்லை. சைக்கிளைத் தள்ளி விழுத்தினான். மூட்டை தரையில் விழுந்து வாய் அவிழ்ந்தது. நெல் கொட்டியது. நெல்லுக்குள்ளிருந்து இரட்டைச் சீலைப் பை ஒன்று உருண்டு வந்தது. அதைத் தூக்கியவன் பாரம் தாங்காமல் கை தாழ்ந்து, பிறகு சத்தம் போட்டான். நாலு பக்கத்திலிருந்தும் துவக்குகள் திரும்பின.



என் காதும் அவருடைய தராசும்

சென்ற வாரம் இந்தப் பத்தியில், பாண் வாங்க நின்ற வரிசையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "சங்கக்கடை எரிந்த பிறகு எதைக்கொண்டு சீவித்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். அந்தச் சீலைப் பைக்குள் இருந்ததைக்கொண்டுதான்.

என் வீட்டுக்காரர் மனேச்சராக இருந்த கூட்டுறவுச் சங்கக்கடை எரிந்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காலம். மட்டக்களப்பு டவுனில் எங்களுக்குத் தெரிந்த, நகை செய்கிற பத்தர் ஒருவர் இருந்தார். பாதைகள் பூட்டிக் கிடந்ததால் கொழும்பிலிருந்து அவருக்கு வெள்ளி வரவில்லை. தங்கத்தை விற்றுத் தின்ற சனமோ பிள்ளைகளின் காலுக்கு வெள்ளிக் கொலுசாவது வேண்டும் என்று அவரிடம் வந்துகொண்டிருந்தது.

"படுவான்கரைப் பக்கம் பழைய வெள்ளிக்காசு பானை பானையாக் கிடக்கு தம்பி," என்று இவரிடம் சொன்னார் பத்தர். "காசில என்ன எழுதியிரிக்கி எண்டு பாராத. நிறுத்து வாங்கு. நான் உருக்கிக்கிறன்."

அவர் சொன்னது உண்மை. வாவிக்கு மேற்கே, வவுணதீவுக்கு அப்பால், வட்டை வட்டையாக வயல் விரிந்து நெல் விளைந்த ஊர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நெல் விற்ற காசை அந்த மனிதர்கள் வங்கியில் போடவில்லை. மண்ணுக்குள் போட்டார்கள். ராணித்தலைக் காசு, மொட்டைத்தலை ராசா காசு, முடிவைத்த ராசா காசு. கடைசி ராசாவின் காசில் பாதிதான் வெள்ளி. உலகச் சண்டை வந்தால் ராசாவுக்கும் கை இறுகும்போல.

நாங்கள் ஒன்று இரண்டாக வாங்குவதில்லை, கட்டாது. பானையோடு, பையோடு, மூட்டையாகத்தான் வாங்குவோம். அங்கேதான் வில்லங்கம். வெள்ளிக்குள் நிக்கல் கலந்து கிடக்கும். பித்தளை கிடக்கும். அந்தக் காலத்துக் கள்ளர்கள் வார்த்த ஈயக் காசுகூடக் கிடக்கும். ராணியின் முகம் எல்லாவற்றிலும் ஒரே முகம்தான். பத்தர் உரைத்துப் பார்க்கத் திராவகம் வைத்திருந்தார். அதை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு சென்றி தாண்டுவதென்றால் அதற்குப் பதில் நேரே வாவியில் குதித்துவிடலாம்.

அதனால் எங்கள் திராவகம் என் காதுதான். சின்ன வயதிலிருந்து கோயில் பாட்டுக் குழுவில் பாடியவள் நான். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை பிசகினால் எனக்குப் பல் கூசும். கையளவு கருங்கல் துண்டு ஒன்று எப்போதும் என் கைப்பையில் இருக்கும். காசை அதன்மேல் விழவிடுவேன். நல்ல வெள்ளி பாடும், விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டே இருக்கும். கடைசி ராசாவின் காசு பாட ஆரம்பித்து உடனே நிறுத்திவிடும். நிக்கல் 'டிக்' என்று பேசாமல் இருந்துவிடும். ஈயம் 'தொப்' என்று விழும், ஈரமண்ணில் விழுந்த மாதிரி.

நிறுப்பது இவர், கேட்பது நான். ஊருக்குள் எங்களுக்கு நல்ல பெயர். எனக்கும் என் காதைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம்தான். கொஞ்சமில்லை, நிறையவே.

இரண்டு கரை, இரண்டு பயம்

படுவான்கரையில் இயக்கப் பொடியன்கள். கிழக்கே எங்கள் எழுவான்கரையில் ஆமி. நடுவில் வாவி. அந்தத் தண்ணீரைத் தாண்டும்போது ஒரு பயத்தைக் கழற்றிவிட்டு இன்னொரு பயத்தை மாட்டிக்கொள்வோம்.

பொடியன்களின் சட்டம் இதுதான்: பொன்னோ வெள்ளியோ கரை கடந்தால் அதில் ஒரு பங்கு அவர்களுக்கு. பங்கு கொடுத்தால் எங்களுக்கு மிஞ்சுவது சைக்கிளுக்குக் காற்றடிக்கத்தான் காணும். இவர் யோசித்து ஒரு வேலை செய்தார். காசுப் பையை நெல் மூட்டையின் நடு வயிற்றில் வைத்துக் கட்டினார். நெல் குற்றக் கொண்டுபோகிறோம் என்று சொல்லி அந்தக் கரையைத் தாண்டினோம்.

வெள்ளிக்காசு கொண்டுவரக் கூடாதென்று ஆமி எங்கேயும் எழுதிப் போடவில்லை. கையில் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்திருந்தால் ஒருவேளை பார்த்துவிட்டு விட்டிருப்பான். ஆனால் மறைத்துக் கொண்டுவந்த எதுவும் அவனுக்குக் குற்றம். அந்தக் கரைக்காக மறைத்தது இந்தக் கரையில் எங்களைக் குற்றவாளியாக்கும் என்று எங்கள் மூளைக்கு எட்டவில்லை. சில தரம் தப்பினோம், கம்பி பக்கத்தால் போனது. தப்பியதைக் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஒழுங்கையில் வீச்சுவலைக்காரர் ஒருவர் இருந்தார். வலைக்குக் கட்டப் புதிதாக வார்த்த ஈயக்குண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு வந்தபோது சென்றியில் பிடித்தார்கள். ஈயம் என்றால் துவக்குக்குச் சன்னம் வார்க்கிற சாமான் என்பது அவர்களின் கணக்கு. மீன் பிடிக்கத்தான் என்று அவர் எவ்வளவோ சொல்லியிருப்பார். திரும்பி வரவில்லை. அவருடைய பெண்சாதி முகாம் வாசலில் எத்தனையோ நாள் போய் நின்றாள். அவருடைய பழைய வலை வேலியிலே தொங்கிக்கொண்டே கிடந்து நைந்துபோனது. கடைக்குப் போகும்போதெல்லாம் நான் அந்த வேலியைப் பாராமல் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

பூமணியக்காவின் முற்றம்

அன்று விடியலிலேயே நாங்கள் படுவான்கரையில் பூமணியக்கா வீட்டில் இருந்தோம். பூமணியக்கா வயல்காரி, குரலும் கையும் பெரிது. மாமனார் புதைத்து வைத்த காசுப் பானையை அவர் தோண்டி எடுத்திருந்தார்.

"பெரியவன அனுப்பிப்போடணும் தங்கச்சி," என்றார், பானையை என் முன்னால் வைத்துக்கொண்டே. "இஞ்ச வெச்சிரிக்க ஏலா. அவங்களும் கேக்கிறாங்க, இவங்களும் தேடுறாங்க. கடல் தாண்டிப் போகட்டும் கா."

பெரியவன் என்று அவர் சொன்ன மகன் உள்ளே இருந்திருக்க வேண்டும். வெளியே வரவில்லை. அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளை ஆட்களுக்குக் காட்டுவதில்லை.

நான் வேப்பமரத்தடியில் குந்தி, கல்லை வைத்து, ஒவ்வொன்றாக விழவிட்டேன். அருமையான காசு. ராணிகள் ஒருவருக்குப் பின் ஒருவராகப் பாடினார்கள். இவர் தராசோடு பக்கத்தில் இருந்தார். பானை முக்கால்வாசி முடிந்திருக்கும், தெற்கே எங்கோ ஹெலிச் சத்தம் கேட்டது.

எங்களில் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் வந்துவிடும் என்பதுபோல. பூமணியக்கா கோழிக்குஞ்சுகளைக் கடகத்தால் மூடினார். அவற்றை மூடி என்ன செய்ய என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

"போதும் புள்ள, மிச்சத்த அள்ளிப் போடு," என்றார் இவர். முகம் முழுக்கச் சிரிப்பு. "ஒள்ளுப்பம்தானே கிடக்கு. மறுகா வீட்ட போய்ப் பாப்பம்."

பானையின் அடியில் கொஞ்சமாகக் கிடந்ததை இரண்டு கையாலும் அள்ளிப் பைக்குள் போட்டேன். கல்லில் போடவில்லை. கேட்கவில்லை. அதுவே முதல்தரம்.

ஹெலி வேறு பக்கம் போய்விட்டது. நாங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். பொடியன்களின் சென்றியில் ஒருவன் மூட்டையைத் தட்டிப் பார்த்து, "என்ன நெல்லு அண்ணே?" என்று கேட்டான். இவர் சிரித்தார். அவர்களுக்கு இவருடைய சிரிப்பு பழக்கம். போகச் சொன்னான்.

பள்ளிக்கூட மேசை

இப்போது பாலத்தடிக்கு வாருங்கள்.

பையை அவிழ்த்துப் பார்த்த ஆமிக்காரன் ஓடிப்போய்ப் பெரியவரைக் கூட்டிவந்தான். தோளில் நட்சத்திரம் வைத்த, ஒல்லியான, சத்தம் போடாத மனிதர். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு நடுங்கியிருக்காது. தகரக் கொட்டிலுக்கு முன்னால் ஒரு பழைய பள்ளிக்கூட மேசை கிடந்தது. பிள்ளைகள் கவராயத்தால் பெயர் கீறிய மேசை. அதன்மேல் காசையெல்லாம் கொட்டச் சொன்னார்.

வெயிலில் ராணிகள் மின்னினார்கள். இவர் மண்ணில் முழந்தாளில், கை இரண்டும் தலையில்.

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. பதுளையில் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒரு ஆமிக்காரன் மொழிபெயர்த்தான். மலைநாட்டுத் தமிழ், சுத்தமான தமிழ்.

"ஐயா கேக்குறாரு, இது இயக்கத்துக்குச் சேர்த்த காசான்னு."

"இல்ல சேர். உருக்கிறதுக்கு. கொலுசு அடிக்க," என்றார் இவர்.

"உருக்குற சாமானை எதுக்கு நெல்லுக்குள்ள ஒளிச்சு வச்சே?"

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. ஆனால் சொல்ல முடியாத பதில். பொடியன்களுக்குப் பங்கு கொடுக்காமல் இருக்க என்று சொன்னால், அப்போ இதற்கு முன் கொடுத்தாயா, யாரிடம் கொடுத்தாய், அவன் எங்கே இருக்கிறான் என்று கேள்வி போகும். அதைவிட, இரண்டு வரிசையிலும் நிற்கிற சனத்தில் யாராவது ஒருவர் பொழுதுபடுவதற்குள் அந்தக் கரையில் போய்ச் சொல்லிவிடுவார். இந்தக் கரையில் உயிர் தப்பினால் அந்தக் கரையில் போய்விடும். இவர் என்ன செய்தார்? சிரித்துக்கொண்டிருந்தார்.

கொட்டிலுக்குப் பின்னால் ஒரு வாகனம் நின்றது. பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வலைக்காரரையும் இப்படி ஒரு வாகனத்தில்தான் ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். துணிந்து வந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய். கால் தன்பாட்டில் நடந்தது. யாரோ பின்னால் என் சீலையைப் பிடித்து இழுத்தார்கள், அதையும் உதறிக்கொண்டு கால் போனது.

"கள்ளருக்குப் பயந்துதான் ஒளிச்சம் சேர்," என்றேன்.

"எந்தக் கள்ளனுக்கு?"

"எல்லாக் கள்ளருக்கும்."

மொழிபெயர்த்தவன் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னான். பெரியவர் முதல் தரமாக என் பக்கம் திரும்பினார். நான் நிறுத்தாமல் பேசினேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். நாங்கள் வெள்ளி வாங்குகிறவர்கள், நிறுத்து வாங்குகிறவர்கள், கல்லில் போட்டுச் சத்தத்தைக் கேட்டு வாங்குவது நான்தான் என்றெல்லாம் சொன்னேன். கைப்பையிலிருந்து கல்லை எடுத்து மேசையில் வைத்துக் காட்டினேன்.

"இந்தப் பைக்குள்ள கிடக்கிற ஒவ்வொரு காசையும் நான் போட்டுப் பாத்துத்தான் எடுத்தன் சேர். என்ர காதுக்குத் தப்பி ஒண்டும் வராது."

பெருமை. ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம். அதுதான் வாயில் வந்தது. பானையின் அடியில் அள்ளிப் போட்டது அந்த நேரம் எனக்கு ஞாபகமே இல்லை.

பெரியவர் காசுகளை விரலால் அளைந்தார். பிறகு என்னமோ சொன்னார்.

"அம்மா, அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்றாரு. ஐயா கல்லுல காசு போடுவாரு. நீங்க பாக்காம சொல்லணும்."

வாவியைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கரையோரச் சேற்றில் கண்ணாச் செடிப் பற்றை. கட்டையொன்றில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவிட்டபடி இருந்தது. என் முதுகு முழுக்கத் துவக்கு முட்டுகிற மாதிரி ஒரு உணர்ச்சி. உண்மையில் ஒன்றும் முட்டவில்லை.

முதலாவது காசு விழுந்தது. பாடியது.

"வெள்ளி. ராணிக் காசு."

அடுத்தது 'டிக்'.

"இது இப்பத்தையக் காசு சேர். வெள்ளி இல்ல." அவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். பின்னால் யாரோ சிங்களத்தில் மெச்சுகிற குரல் கேட்டது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போதுதான் அந்த அறைச் சத்தம் வந்தது. கன்னத்தில் விழுகிற அறை. பிறகு ஒரு முனகல். திரும்பிப் பார்க்காமலே, அது யாருடைய முனகல் என்று பெண்சாதிக்குத் தெரியும். மறுபடி சிரித்திருக்கிறார், பாவி மனுசன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குள் இரத்தம் இரைந்தது. மழை நாளில் தகரக் கூரைக்குக் கீழே நிற்பதுபோல. நீர்க்காகம் வாயைத் திறந்து மூடியது, சத்தமில்லை. பின்னால் காசு விழுந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

"சொல்லுங்கம்மா." மொழிபெயர்ப்பவன் என் காதடியில் வந்து கத்திய பிறகுதான் கேட்டது. "விழுந்திருச்சு. சொல்லுங்க."

இன்னொரு தரம் போடுங்கள் என்று கேட்க நாக்கு எழவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் வாகனம். எது என்று தெரியாத காசுக்கு, எது என்று ஆசைப்பட்டேனோ அதைச் சொன்னேன்.

"வெள்ளி," என்றேன். போதாதென்று, "நல்ல வெள்ளி சேர். முதல்தரம்," என்றேன்.

பிறகு பின்னால் சிரிப்பு வெடித்தது. திரும்பச் சொன்னார்கள். பெரியவரின் கையில் மங்கல் நிறத்தில் ஒரு ராணி. அவர் பேனாக்கத்தியால் அவளுடைய கன்னத்தில் ஆழமாகக் கீறியிருந்தார். வெண்ணெயில் கீறின மாதிரி வழுவழுப்பாக இருந்தது கீறல்.

ஈயம்.

வலைக்காரரின் வேலி கண்ணுக்குள் வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். பிள்ளைகள் இரண்டும் என் அக்கா வீட்டில் நிற்கிறார்கள், அவர்களை அக்கா வளர்த்துக்கொள்வாள் என்றுகூட நினைத்துவிட்டேன். அவ்வளவு தூரம் போய்விட்டது மனம்.

பெரியவர் இன்னும் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"ஐயா சொல்றாரு, ஒங்களை நல்லா ஏமாத்திப்புட்டாங்களாம். வெள்ளின்னு சொல்லி ஈயத்தை வித்துட்டாங்க. காதை வச்சுகிட்டு யாவாரம் பண்ணாதீங்கம்மான்னு சொல்றாரு."

பெரியவர் அந்த ஈய ராணியை விரலால் சுண்டினார். அது பாலத்தைத் தாண்டி வாவிக்குள் போய் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. 'களக்.' நீர்க்காகம் எழும்பிப் பறந்தது.

இவரை எழும்பச் சொன்னார்கள். காசைப் பைக்குள் அள்ளிப் போட்டபோது இரண்டு மூன்று ஆமிக்காரர்கள் ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டார்கள். இவர் வாயைத் திறக்கப் போனார். நான் அவர் காலை மிதித்தேன்.

நெல்லை மண்ணோடு கூட்டி அள்ளினோம். மொழிபெயர்த்தவன் மூட்டையைப் பிடித்துக் கரியரில் ஏற்ற உதவி செய்தான். அப்போது, உதடு அசையாமல், ஒரு விசயம் சொன்னான்.

"நீங்க ஈயம்னு கரெக்டா சொல்லியிருந்தீங்கன்னா அவரு விட்டிருக்க மாட்டாரும்மா. ஒவ்வொண்ணா பாத்து எடுத்தேன்னீங்க. அப்போ தெரிஞ்சேதானே ஈயத்தை உள்ள வச்சிருக்கீங்க, யாருக்கு கொண்டுபோறீங்கன்னு கேக்கத்தான் அந்தக் காசையே பொறுக்கி எடுத்தாரு. போங்க. திரும்பிப் பாக்காம போங்க."

அவர் சொல்லும் கதை

வாவியோர வீதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். இவருடைய ஒரு கன்னம் வீங்கியிருந்தது. சென்றி கண்ணுக்கு மறைந்த பிறகு நின்றார். இந்தத் தரம் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"எப்பிடி புள்ள உனக்கு அந்த நேரத்தில யோசின வந்த?"

"என்ன யோசின?"

"ஈயமெண்டு தெரிஞ்சும் வெள்ளியெண்டு சொல்ல. அவன் கத்தியால கீறினத நான் கண்டன். செத்தம் எண்டு நினைச்சன். நீ சொல்லிப்போடுவா, உன்ர காதுக்குத் தப்பாது எண்டு எனக்குத் தெரியும்."

"எனக்குக் கேக்கல்ல."

"சும்மா சொல்லாத."

"கர்த்தர் அறிய எனக்கு ஒண்டும் கேக்கல்ல. பயத்தில காதடைச்சிப் போச்சு. வாய்க்கு வந்ததச் சொன்னன்."

அவர் நம்பவில்லை. அன்றும் நம்பவில்லை, இன்றும் இல்லை.

நாங்கள் அதற்குப் பிறகு காசு வாங்கப் போகவில்லை. 'எல்லாக் கள்ளருக்கும்' என்று நான் சொன்ன வார்த்தை எந்தக் காதில் விழுந்ததோ, அந்தக் கரைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ என்ற பயம் மாதக்கணக்காக இருந்தது. வீட்டுப் படலையடியில் ஒரு சைக்கிள் நின்றால் போதும், அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பின்கதவால் அனுப்புவேன். பாட்டுக் குழுவில் என்னை அழைத்தார்கள். போய் நின்றேன். பாடும்போது பின்னால் ஏதாவது விழுந்தால் பாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அதோடு போவதை நிறுத்திவிட்டேன்.

பூமணியக்காவை நெடுங்காலத்துக்குப் பிறகு செங்கலடிச் சந்தியில் கண்டேன். மகன் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றார். ஈயக் காசைப் பற்றிச் சொன்னதும் வாயில் கைவைத்துக்கொண்டார். அவருக்குத் தெரியாது. மாமனாருக்கும் தெரிந்திருக்காது. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு கள்ளன் அடுப்படியில் வைத்து வார்த்த காசு. யாரோ ஒரு வயல்காரனை நெல் விலையில் ஏமாற்றியிருக்கிறான். அந்தக் கள்ளனுக்காக நான் சில நாள் செபம் பண்ணியிருக்கிறேன், சொன்னால் சிரிப்பீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் எந்த விசேசம் என்றாலும் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். போன மாதம் மூத்த மகளின் வீட்டிலும் சொன்னார். என் தைரியம், என் கூர்மையான காது, என் மின்னல்வேக மூளை. பேரப்பிள்ளைகள் என்னை ஏதோ சினிமாக் கதாநாயகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"அம்மம்மா, உங்களுக்குப் பயமா இரிக்கல்லையா?" என்று கேட்டாள் பேத்திகளில் சின்னவள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "உங்கட அம்மம்மாவுக்கா? பயமா?" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். நல்ல சிரிப்பு, பயத்தில் வந்ததில்லை.

அவருக்கு விளங்காதது ஒன்றுதான். நான் என்னை அறிவேன். கன்னத்தில் அந்த அறை விழாமல், என் காது அடைக்காமல் இருந்திருந்தால், அந்த 'தொப்' எனக்குத் துல்லியமாகக் கேட்டிருக்கும். கேட்டிருந்தால், இரண்டு வரிசைச் சனமும் கேட்க, கழுத்தை நிமிர்த்தி, "ஈயம் சேர்" என்று சொல்லியிருப்பேன். பெருமையோடு சொல்லியிருப்பேன். அந்த வாகனத்தின் கதவு இவருக்காகத்தான் திறந்து கிடந்தது.

சின்னவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பக்கத்தில் இழுத்து, இவருக்குக் கேட்காமல் சொன்னேன். "சரியான பயம் மகள். அதாலதான் உன்ர அப்பப்பா இண்டைக்கு இதில இரிந்து சிரிக்கிறார்."

"அம்மம்மாட ஆள் அப்பப்பா இல்ல, அம்மப்பா," என்று திருத்தினாள் அவள்.

எனக்கு அந்தப் பெயர்கூடப் பிசகிவிட்டது. இவர் சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். கழுவுவதற்குத்தான் போனேன். கோப்பையைக் கழுவி வைத்த பிறகும், இவருடைய சிரிப்பைக் கேட்டபடி அங்கேயே நின்றேன்.